பணம் என்ற சொல் வரக் கூடாது

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் சமூகக்கூடத்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதச் சொல்லித்தருகிறேன். எதை எழுதச் சொன்னாலும் ஒரு துப்பாக்கி, ஒரு போதைப்பொருள் வியாபாரி, கடைசியில் அழுகிற அம்மா. பெற்றோர் வேறு தமிழில் எழுத வையுங்கள் என்கிறார்கள், பிள்ளைகளுக்கோ தமிழ் பேசவே வராது. என்ன செய்வது?

அன்புள்ள தம்பி,

துப்பாக்கி எழுதுகிறவர்களைத் திட்டாதீர்கள். 'சுகர்ஸ்' என்கிற போதைப்பொருள் என்னவென்று தெரியாத பிள்ளை உங்கள் பக்கத்தில் இருக்காது, அதையெல்லாம் அவர்கள் படத்தில் மட்டும் பார்க்கவில்லை. சிக்கல் வேறு. மனதில் இருப்பதை எல்லாப் பாத்திரங்களும் அப்படியே வாயால் கொட்டிவிடுகின்றன.

நான் செய்வது இதுதான். நாலு நாற்காலி, ஒரு மேசை, ஒரு சீட்டுக்கட்டு. 'தண்ணி' என்கிற சீட்டாட்டத்தை டர்பன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; கூட்டாளி எதிரே உட்கார்ந்திருப்பான், கையில் என்ன சீட்டு என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. அவர்கள் எழுத வேண்டிய காட்சி இது: ஆடுகிற நாலு பேரில் ஒருவன் அப்பாவின் பணத்தை எடுத்துவிட்டான், அப்பாவுக்கு அது தெரியும், தெரியும் என்பது இவனுக்குத் தெரியாது, ஆனால் பேச்சு முழுக்கச் சீட்டைப் பற்றித்தான் இருக்க வேண்டும், பணம் என்ற சொல் வரவே கூடாது. போன வருடம் ஒரு பையன் எழுதினான்: மகன் ஜாக்கைப் போடுகிறான், 30 புள்ளி, ஆட்டத்திலேயே பெரிய சீட்டு. அப்பா சீட்டுகளை அவன் பக்கம் தள்ளி, "எடு, எடு, எடுக்கத்தான் உனக்கு நல்லா வருமே" என்கிறார். வகுப்பே கப்சிப்.

அவன் எழுதியது இங்கிலீஷில்தான், நான் தமிழில் சொல்கிறேன். எதில் பேசுகிறார்களோ அதில் எழுதட்டும். நம் ஊர் நாடகாசிரியர் ரோனி கோவெண்டர் 1970களில் 'தி லானீஸ் பிளஷர்' நாடகத்தில், டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் பாரில் நம் ஆட்கள் பேசும் இங்கிலீஷை அப்படியே மேடையேற்றினார். தலைப்பிலேயே 'லானி', நம் ஊர்ப் பேச்சில் துரை, முதலாளி. பெற்றோர் கேட்டால் அதைச் சொல்லுங்கள். தமிழ் வர வேண்டிய இடத்தில் தானாக வரும். வீட்டில் காதில் விழுந்ததை எழுதி வரச் சொன்னபோது ஒரு பெண் கொண்டுவந்தாள்: மருமகள் மேல் கோபம் வந்தால் அவள் பாட்டி குக்கரைத் திட்டுவாராம். மருமகளிடம் இங்கிலீஷ், குக்கரிடம் தமிழ். இதை யார் சொல்லிக்கொடுக்க முடியும்?

அப்புறம், நான் செய்த தப்பு ஒன்று. முதல் வருடம் ஒருத்தி தன் அம்மாவின் பேச்சை வரிக்கு வரி எழுதிவிட்டாள், நானும் அசந்துபோய் அப்படியே மேடையேற்றிவிட்டேன். முன்வரிசையில் அம்மா. இரண்டு மாதம் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. இப்போதெல்லாம் அந்த வரியைப் பக்கத்து வீட்டு மாமா வாயில் வைக்கச் சொல்கிறேன்; பாதி நேரம் அங்கேதான் அது இன்னும் நன்றாக உட்காருகிறது.

சீட்டுக்கட்டில் 24 சீட்டு போதும். புள்ளி மட்டும் எண்ண விடாதீர்கள், அந்தச் சண்டையிலேயே வகுப்பு முடிந்துவிடும்.