பெயர் ஏறாத புத்தகம்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் "எழுதப் பழகியது புறக்கோட்டையில்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றித் தாங்கள் எங்கும் விரித்து எழுதியதாகத் தெரியவில்லை.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடங்களும் சித்தியடைந்தேன். வெட்டுப்புள்ளி போதாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஐந்து மாதமாகப் புறக்கோட்டை பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேரோடு கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வரலாம். பயிற்சிக் காலம் என்று சொல்லுகிறார்கள், பெயர் இன்னும் புத்தகத்தில் ஏறவில்லை. என்னோடு படித்தவர்கள் பேராதனையிலிருந்து படம் அனுப்புகிறார்கள். தாங்கள் புறக்கோட்டையில் என்ன கற்றீர்கள்? எனக்கு இந்த வருடங்கள் வீண்தானா?

(வாசகியின் பெயரை அவர் கேட்டுக்கொண்டபடி வெளியிடவில்லை.)

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது நான் என்ன கற்றேன் என்பதை. என் மனதில் தைத்ததோ, அதற்குச் சற்று முன்னால் போகிறபோக்கில் எழுதியிருக்கும் "பெயர் இன்னும் புத்தகத்தில் ஏறவில்லை" என்ற வரி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். என் முதல் வேலையில் அவை இரண்டும் ஒரே மேசையில்தான் நடந்தன.

1987இல் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். வடக்கில் இந்தியப் படையோடு யுத்தம், தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி என்றிருந்த காலம் அது. பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன, திறந்தாலும் சில கிழமைகளில் மறுபடி மூடின. அனுமதி கிடைத்த பிள்ளைகளும் இரண்டு மூன்று வருடம் வீட்டிலேயே இருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி இருக்க வசதியில்லை. 1988 தை மாதம், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி, நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஜம்பட்டா வீதியால் நடந்து, செட்டியார் தெருவில் நகைக்கடைகள் கதவு திறக்குமுன் கதிரேசன் கோயில்களைக் கடந்து, கெய்மன்ஸ் கேட் மணிக்கோபுரத்தடியால் பிரதான வீதிக்கு ஏறுவேன். நீங்களும் இப்போது அனேகமாக அதே வழியால்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1987 ஏப்ரல் 21ஆம் திகதி புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆகையால் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் அம்மா என்னைப் படியிறங்க விடுவார்.

கடை செத்தல் மிளகாய், பருப்பு, மல்லி, பெரிய வெங்காயம் எல்லாம் மூடைக் கணக்கில் விற்கும் கடை. விடியற்காலையிலேயே குருநாகல், பதுளை, மாத்தளை வியாபாரிகள் வந்துவிடுவார்கள். பாதி காசுக்கு, பாதி கடனுக்கு. நாட்டாமிமார் மூடையை முதுகில் ஏற்றிக் கரத்தைக்குக் கொண்டுபோவார்கள். கரத்தை, லொறி நிற்கிற இடத்துக்குப் போகும். மிளகாய் மூடையைப் போட்டதும் எழும்புகிற தூசு உள்ளறை வரைக்கும் வந்து, விரித்து வைத்த பேரேட்டின் நடுமடிப்பில் சிவப்புக் கோடாகப் படிந்துவிடும். பக்கத்தைப் புரட்டும்போது அதை ஊதக்கூடாது, ஊதினால் கண்ணுக்குள் போகும். துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். எனக்கு அங்கே சொல்லித்தரப்பட்ட முதற் பாடம் அதுதான்.

சொல்லித்தந்தவர் கணக்கப்பிள்ளை. எல்லோரும் அவரை "கணக்கையா" என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படித்து, இரட்டைப் பதிவும் ஐந்தொகையும் பிழையில்லாமல் செய்யத் தெரிந்த எனக்கு, அவருடைய புத்தகங்கள் முதலில் வெறும் குறிப்புகளாகத்தான் தெரிந்தன. அவை எவ்வளவு கவனமாக எழுதப்பட்டவை என்பதை ஒரு மாதத்துக்குள் புரிந்துகொண்டேன். அவர் எதையும் அழிக்க விடமாட்டார். பிழையென்றால் ஒற்றைக் கோடு போட்டு, பிழையாக எழுதியது வாசிக்கக்கூடியதாக இருக்க, அதன் மேல் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு நாளின் கணக்கு முடிந்த இடத்துக்குக் கீழே வெறும் வரி விடக்கூடாது, குறுக்கே கோடிழுத்துவிட வேண்டும். பிறகு யாரும் அங்கே எதையும் செருக முடியாது. ஒருமுறை நான் "மிளகாய் ஈரம், விலை குறைத்தது" என்று எழுதிக்கொண்டு போனேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"எத்தனை மூடை தம்பி? எந்த லொறியில வந்தது? ஈரமெண்டு கை வைச்சுப் பார்த்தது ஆர்? குறைச்சது எவ்வளவு? இதெல்லாம் இல்லாமல் இது என்ன எழுத்து?"

நீங்கள் கேட்ட கேள்விக்குரிய பதில் இதற்குள் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு பந்தி எழுதி முடித்ததும் எத்தனை மூடை, எந்த லொறி, கை வைத்துப் பார்த்தது யார் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் நல்ல ஆசிரியர்களிடம் படித்தேன்; ஆனால் இதை எனக்குச் சொல்லித்தந்தவர்கள் அங்கே இல்லை.

கணக்கையா அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. 1983 ஜூலையில் அந்தக் கடை எரிந்தது. சரக்கோடு புத்தகங்களும் எரிந்தன. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை. அகதி முகாமில் இருந்தபோது, ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, நினைவில் இருந்த கடன்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாராம். சில மாதம் கழித்துக் கடை மறுபடி திறந்தபோது வெளியூர் வியாபாரிகள் சிலர் தங்களிடமிருந்த சிட்டைகளைக் கொண்டு வந்து, அவர் மறந்துபோன கடனைக்கூட எண்ணி வைத்துவிட்டுப் போனார்களாம், அவர்களில் சிங்களவரும் இருந்தார்கள் என்று சொல்லுவார். வராதவர்களைப் பற்றி அவர் பேசியதில்லை. அந்தக் கொப்பியை எனக்கு ஒருநாள் காட்டினார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், தீர்ந்த கடனுக்குச் சிறியதாக ஒரு சரி போடப்பட்டிருந்தது.

முதற் சம்பளத்துக்கு வருகிறேன். தை மாதக் கடைசி நாள் மாலை முதலாளி 600 ரூபாயை எண்ணிக் கையில் தந்தார். உறையில்லை, கையெழுத்து வாங்கவுமில்லை. பிறகு வழக்கம்போல அன்றைய செலவை எழுத உட்கார்ந்தேன். கணக்கையா சொல்லச் சொல்ல எழுதினேன்: தேநீர், சணல் நூல், கரத்தைக் கூலி. அதன் பிறகு சற்று நிறுத்தி, "பொடியன், 600" என்றார். ஒரு மிளகாய் மூடை எந்த லொறியில் வந்தது என்று எழுதாவிட்டால் விடாத மனிதர் அவர். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "முதலாளி அப்படித்தான் எழுதச் சொன்னவர்" என்று மட்டும் சொன்னார். கடைச் செலவு என்ற தலைப்பின் கீழே, சணல் நூலுக்கு இரண்டு வரி தள்ளி, என் கையெழுத்தாலேயே அப்படி எழுதினேன். அங்கே இருந்த இரண்டரை வருடமும், மாதாமாதம் தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியபோதும், பொடியன் பொடியனாகவே இருந்தான்.

அதன் பொருளை எனக்கு விளக்கியவர் ஒரு நாட்டாமி. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வயது வந்ததும் கொழும்புக்கு வந்து, அந்தக் கடையில் 20 வருடத்துக்கு மேல் மூடை தூக்கியவர். ஒரு மழை நாளில் வியாபாரமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "எங்க தோட்டத்துல ஒரு நாள் வேலைக்குப் பேரு தம்பி, பேரு. கொழுந்து கொறஞ்சா அரப் பேருன்னு கங்காணி சொல்லுவாரு. அரையோ முழுசோ, செக்ரோல்ல பேரு விழுந்துரும். இங்க தூக்குனதுதான் கணக்கு, தூக்குனவனுக்குப் பேரில்ல." வரவுப் பதிவேடான செக்ரோலும், பேரும் உங்கள் வீட்டில் நாளாந்தம் புழங்குகிற சொற்கள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு நாள் உழைப்பையே பெயர் என்று சொல்லுகிற மனிதர்களின் மொழியைவிடத் துல்லியமான ஒன்றை நான் பிறகு எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அடுத்த வருடம் அவருடைய இடுப்பு விட்டுப்போனது. முதலாளி ஊருக்குப் போகப் பஸ் காசும், கொஞ்சப் பணமும், பாதி மூடை பருப்பும் கொடுத்து அனுப்பினார். கொடுத்ததை நானே செலவில் எழுதினேன். ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாபம் என்று ஒரு சதமும் அவருக்கு வரவில்லை, ஏனென்றால் அப்படி எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. 1990இல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்காக வேலையை விட்டபோது, என் பெயரிலும் எதுவும் கட்டப்படவில்லை என்பது எனக்குத் தெரியவந்தது. வேலை செய்ததற்கு ஒரு கடிதம் கேட்டேன், அதுவும் கிடைக்கவில்லை. எனக்கு வயது இருந்தது, வேறு வழியும் இருந்தது. அந்த நாட்டாமிக்கு இரண்டுமில்லை. அவருக்காக அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை என்பது இன்றுவரை என்னை வருத்துகிறது. கேட்கத் தெரியவில்லை என்பது உண்மை. அதனால்தான் உங்களுக்கு விபரமாக எழுதுகிறேன்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நாம் ஈ.பி.எஃப். என்று சொல்லுவது அதைத்தான். வேலை நிரந்தரமா, தற்காலிகமா, பயிற்சியா என்று அது பார்ப்பதில்லை, சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்டத்தான் வேண்டும். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். அந்த 12ஐயும் உங்கள் சம்பளத்திலேயே கழிப்பது சட்டவிரோதம். இதற்கு மேலே 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அது முழுவதும் முதலாளியின் செலவு. ஆகவே "பயிற்சிக் காலம்" என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் சட்டத்தில் இல்லாத காரணம். பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி; கட்டாத முதலாளியைக் கேட்க வேண்டியது தொழில் திணைக்களம். அதன் தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது, ஹட்டன் போன்ற வெளியூர்களிலும் தொழில் அலுவலகங்கள் உண்டு. பிந்திக் கட்டுகிறவர்கள் மேலதிகக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு, கிழமையில் ஒன்றரை நாள் லீவு என்பன அதிலுள்ளவை. காலை எட்டரை தொடக்கம் இரவு எட்டு வரை என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

நாளைக்கே போய்ச் சண்டை பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் ஊரில் ஒரு அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். கணக்கெழுதுகிறவரிடமோ மனேஜரிடமோ, கடைக்குள் ஆளில்லாத நேரம் பார்த்து, "ஐயா, என்னுடைய ஈ.பி.எஃப். இலக்கம் என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இலக்கம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், என்ன என்று கேளுங்கள். நியமனக் கடிதத்தையும் அப்படியே கேளுங்கள். முடிந்தால் உங்களோடு நிற்கிற மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் கேட்டால் ஒருவரை மட்டும் நிறுத்திவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

வீணா என்று கேட்டீர்கள். ஐந்து மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் துணியை விரலால் தேய்த்துப் பார்க்கிற விதத்திலிருந்தே அவர் வாங்குவாரா மாட்டாரா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிங்களத்தில் விலை பேசப் பழகியிருப்பீர்கள். கலைப்பிரிவில் சித்தியடைந்த உங்களுக்கு வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான வழியும் திறந்திருக்கிறது, அதைப் பற்றி வேறொரு கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். அந்த வருடங்கள் எனக்கு வீணாகவில்லை. ஆனால் அவை நடந்தன என்பதற்கு, என் கையெழுத்தில் "பொடியன்" என்று இருந்த அந்தப் பேரேடுகளைத் தவிர ஒரு சாட்சியுமில்லை, அவையும் இப்போது எங்கே இருக்கின்றனவோ. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

ஆகவே இன்றிரவு அறைக்குப் போனதும் ஒரு அப்பியாசக் கொப்பி எடுங்கள். முதற் பக்கத்தில் உங்கள் முழுப் பெயர், கடையின் பெயர், வேலைக்குச் சேர்ந்த திகதி. பிறகு ஒவ்வொரு நாளும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையில் வாங்கிய தொகை. பிழைத்தால் அழிக்காதீர்கள், ஒற்றைக் கோடு போட்டு மேலே எழுதுங்கள். ஒரு நாள் முடிந்ததும் அதன் கீழே கோடிழுத்துவிடுங்கள். கடிதத்தில் ஐந்து மாதம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், சேர்ந்த திகதி இல்லை. அது எந்த மாதம், எத்தனையாம் திகதி?

அன்புடன்,
கொழும்பு 13