பழைய செடான் கார் மலைக்கு ஏற்றதா?

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய ஹோண்டா சிட்டி பெட்ரோல் காரை வாங்க எண்ணுகிறோம். மலைப்பாதைக்குச் சரிப்படுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக வாங்கலாம், அம்மா. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத இந்த எஞ்சின் சமவெளியில் தரும் இழுவையைத் தராது. ஆள் நிறைந்திருந்தால் இரண்டாம் கியரிலேயே ஏற வேண்டியிருக்கும். இது பழுதன்று. என் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றியதே. மேட்டுப்பாளையம் வரை பிரேக்கை அழுத்தியபடியே இறக்கப்பட்ட வண்டியில் பிரேக் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் தட்டின்) விளிம்பில் விரலை வைத்தால் வரப்புபோல் தட்டுப்படும். அவ்வளவு தேய்ந்திருந்தால் மாற்றும் செலவை விலையில் கட்டாயம் கழித்துக் கேளுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் கொதித்து, பிரேக்கைச் செயலிழக்கச் செய்யக்கூடும். ஆகவே வாங்கியவுடனும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதை மாற்றிவிடுங்கள்.