வாசகர் கேள்வி பதில்: செவ்வாயில் குடித்தனம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் வேற்றுக்கோள் வாழ்க்கை பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கே: பூமியை விட்டு வேறொரு கோளில் மனிதன் என்றைக்காவது வாழ முடியுமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், காட்பாடி

ப: அறைக்குள் முடியும், வெளியே முடியாது.

ஏலகிரி உச்சியில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அங்கே பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். காற்றழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். செவ்வாயில் அழுத்தம் சுமார் 6 மில்லிபார். நம் கடல்மட்டத்தில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை. அங்கே 0 டிகிரியை ஒட்டியே தண்ணீர் கொதிக்கும். 37 டிகிரி உடம்பில் இருக்கும் எச்சிலும் கண்ணீரும் கொதித்து ஆவியாகும். அதனால் ஆக்சிஜன் மாஸ்க் மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே போக முடியாது. உடம்பு முழுவதையும் மூடும் அழுத்த உடை வேண்டும்.

செவ்வாயின் காற்றையே அடர்த்தியாக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 2018இல் வெளியான ஒரு கணக்கின்படி, துருவப் பனி முழுவதையும் ஆவியாக்கினாலும் அழுத்தம் பூமியினுடையதில் 1.2 சதவீதத்தைத்தான் எட்டும்.

வெள்ளியின் தரையில் 460 டிகிரி வெப்பம், பூமியைப்போல் 90 மடங்கு காற்றழுத்தம். நிலா மூன்று நாள் பயணம்தான், ஆனால் கோள் அல்ல; ஓர் இரவு நம் கணக்கில் 14 நாள். எனவே கடைசிக் கேள்வி தவிர, கீழே வருவதெல்லாம் செவ்வாயைப் பற்றியதே.

கே: செவ்வாய்க் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்ததாகப் படித்தேன். கூடவே செடியும் வளர்த்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– ஆசிரியை, ஆற்காடு

ப: எடுத்தது உண்மை. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்ற கருவி இருந்தது. கார்பன் டை ஆக்சைடை 800 டிகிரி வரை சூடாக்கி, மின்சாரம் செலுத்தி ஆக்சிஜனைப் பிரிப்பது அதன் வேலை. மின்னழுத்தம் அளவு மீறினால் கார்பனும் தனியாகப் பிரிந்து, கரியாகப் படிந்து, ஆக்சிஜனைப் பிரிக்கும் பாகத்தைக் கெடுத்துவிடும். அதனால் அளந்து அளந்துதான் ஓட்ட வேண்டும். 16 முறை ஓட்டியதில் கிடைத்தது மொத்தம் 122 கிராம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். ஆக, அது ஒருவருக்கு மூன்றரை மணி நேரத்துக்கான மூச்சு. முறை சரியானது என்று நிரூபணமாகிவிட்டது. இனி கருவியைப் பெரிதாக்க வேண்டும், இடைவிடாமல் ஓட வைக்க வேண்டும்.

செடி விஷயம் இவ்வளவு நேரானதல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் 3 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தைக் கண்ணாடியால் மூடி, காடு, வயல், குட்டை எல்லாம் உள்ளே அமைத்து, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை வைத்துப் பூட்டினார்கள். பயோஸ்பியர் 2 என்று பெயர். உள்ளே இருந்த 20.9 சதவீத ஆக்சிஜன் 16 மாதத்தில் 14.5 ஆக இறங்கியது. கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயர மலையில் நாள் முழுக்க உழைப்பதுபோல் ஆட்கள் திணறினார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

பயிர் செழிக்கட்டும் என்று போட்ட எருவளமுள்ள மண்தான் காரணம். அதிலிருந்த நுண்ணுயிர்கள் செடிகள் வெளிவிட்டதைவிட அதிக ஆக்சிஜனை உறிஞ்சின. அப்படியானால் அதே அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்க வேண்டுமே? அதைக் கான்கிரீட் குடித்துவிட்டது. சுண்ணாம்புக் காரை நாள்பட இறுகுவதும் இதே வினைதான். சுவருக்குள் போன கார்பன் செடிக்குத் திரும்பவில்லை; அதோடு சேர்ந்த ஆக்சிஜனும் திரும்பவில்லை.

மூடிய வீட்டுக்குத் திட்டம் போடுபவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். மண்ணும் எருவும் குறைவாக, சத்துநீரில் பயிர்; கான்கிரீட் இருந்தால் காற்றுப் புகாத பூச்சு; ஆக்சிஜனோடு கார்பனுக்கும் அன்றாட வரவு செலவு.

தண்ணீரிலும் இதே கதைதான். சர்வதேச விண்வெளி நிலையம் வியர்வை, சிறுநீர் உட்பட 98 சதவீத நீரை மீட்கும் நிலையை 2023இல் எட்டியது. அதற்கு முன்பு ஒருமுறை சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி அடைத்துக்கொண்டது. எடையற்ற நிலையில் எலும்பு கரைந்து சிறுநீரில் கால்சியம் கூடியிருந்ததால் கால்சியம் சல்பேட் படிந்துவிட்டது. நம்மூர் போர் தண்ணீரில் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குச் சில மாதத்தில் மாற்று பாகம் போய்ச் சேரும். செவ்வாய்க்கு ராக்கெட் கிளம்ப ஏற்ற நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான், பயணமும் 6 முதல் 9 மாதம். பம்பு, வால்வு, வாஷர் எதுவானாலும் ஒன்றுக்கு மூன்றாகக் கையில் இல்லாமல் அங்கே குடியேறக் கூடாது.

கே: வீடு எப்படிக் கட்டுவார்கள்? மேலே மண் மூடுவார்களாமே, கூரை தாங்குமா?
– கட்டட மேஸ்திரி, வாணியம்பாடி

ப: அங்கே கணக்கு தலைகீழ். உள்ளே பூமியின் காற்றழுத்தம் வைத்தால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 10 டன் விசையில் வெளியே தள்ளப்படும். 2 சதுர மீட்டர் கதவுக்கு 20 டன். கூரை இடிந்து விழாது, பிய்த்துக்கொண்டு மேலே போகப் பார்க்கும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம்தான் என்பதால் 2 மீட்டர் மண் போட்டாலும் அது அழுத்துவது சுமார் 1 டன். காற்றின் தள்ளலை மண்ணாலேயே சமன் செய்ய 17 மீட்டருக்கு மேல் கொட்ட வேண்டும். அதனால் தட்டைக் கூரையும் சதுர மூலையும் உதவாது. கேஸ் சிலிண்டர்போல் உருளை வடிவம்தான் சரி. கதவு உள்பக்கம் திறக்க வேண்டும், அப்போது காற்றே அதை அழுத்தி மூடிவைக்கும்.

மண் போடுவது கதிர்வீச்சைத் தடுக்க. அங்கே தரையில் க்யூரியாசிட்டி ஊர்தி அளந்தது நாளொன்றுக்கு 0.67 மில்லிசீவர்ட், நெஞ்சு எக்ஸ்ரே தினமும் ஆறேழு எடுத்துக்கொள்வதுபோல.

கே: அந்த மண்ணில் எரு போட்டால் பயிர் வருமா?
– தீப்பெட்டித் தொழிலாளி, குடியாத்தம்

ப: முதலில் மண்ணைக் கழுவ வேண்டும். நீங்கள் கையாளும் தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது அல்லவா, அதன் உறவான பெர்குளோரேட் உப்பு செவ்வாய் மண்ணில் கலந்திருப்பதை 2008இல் பீனிக்ஸ் விண்கலம் கண்டது. கிலோவுக்குச் சுமார் 5 கிராம். தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகவிடாமல் அது தடுக்கும். கீரை வகைகள் அதை இலையில் சேர்த்துவைத்துக்கொள்ளும், கண்ணால் பார்த்தால் தெரியாது. தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பது நல்ல செய்தி. கழுவிய தண்ணீரையும் ஆர்.ஓ. மாதிரி வடிகட்டி மீட்க வேண்டும் என்பது செலவு.

விதை முளைப்பதில் நம் பங்கும் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட்டில் இஸ்ரோ எட்டுக் காராமணி விதைகளை அனுப்பியது. நான்கே நாளில் முளைத்து, பிறகு இலையும் விட்டன.

கே: வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்குப் போகலாமா? காவலூர் வானாய்வகத்திலிருந்து அவை தெரியுமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஆலங்காயம்

ப: போக வழியில்லை. மிக அருகில் உள்ளது 2016இல் கண்டுபிடித்த ப்ராக்ஸிமா பி, 4.24 ஒளியாண்டு தூரத்தில். வாயேஜர் 1 விண்கலம் போகும் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே சேர 75,000 ஆண்டு ஆகும்.

காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் அந்தக் கோளை நேரே பார்க்க முடியாது. அது இருக்கும் திசையை நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மே மாதக் கடைசியில், இரவு பத்து மணியைத் தாண்டி, மலை மறைக்காத இடத்தில் நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. ப்ராக்ஸிமா அதை ஒட்டியே இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது.