ஞாயிறு ஆராதனையில் கிடைக்கும் சமாதானம் திங்கட்கிழமையும் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அழுது ஜெபித்தால் மனசு லேசாகிறது. மறுநாள் குழு லோன் அக்கா போன் செய்ததும் பழையபடி படபடப்பு. நிலையான சமாதானம் விசுவாசத்தால் உண்மையிலேயே கிடைக்குமா?

பதில்:

கிடைக்கும், சகோதரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைப்பதில் பாதி, வாய்விட்டு அழுததால் வரும் ஆறுதல். அதில் தப்பில்லை. ஆனால் சில மணி நேரத்துக்கு மேல் அது தாங்காது. அதையே சமாதானம் என்று நினைத்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஓடுகிறவர்கள் தண்டையார்பேட்டையிலும் உண்டு, திருவொற்றியூரிலும் உண்டு. களைப்புதான் மிச்சம்.

வேதம் சொல்லும் சமாதானம் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. ரோமர் 5:1-ஐப் பாருங்கள். விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டதால் தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம் என்கிறார் பவுல். 'பெறுவோம்' என்று சொல்லவில்லை. கடனும் நோயும் வந்தால் 'ஆண்டவருக்கு என் மேல் கோபம்' என்ற பயம் பலருக்கு அடியில் கிடக்கிறது. அது போகாமல் மேலே எத்தனை ஜெபம் செய்தாலும் மனசு அடங்காது. உறுத்துகிற பாவம் இருந்தால் மொத்தமாக 'நான் பாவி' என்று சொல்லாமல், அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். மற்ற சபையார் தனி ஜெபத்தில் சொல்லலாம், அல்லது விஷயத்தை வெளியே விடாத ஒரு மூத்த சகோதரியிடம் சொல்லலாம். அறிக்கையிட்டதை மறுநாள் மறுபடி தோண்டாதீர்கள். 1 யோவான் 1:9 மன்னிப்பார் என்றுதான் சொல்கிறது.

அடுத்தது பிலிப்பியர் 4. பவுல் இதை விலங்கு மாட்டிய கையோடு எழுதினார். நம்மில் பலர் 6, 7 வசனங்களை மனப்பாடமாகச் சொல்வோம்: ஒன்றுக்கும் கவலைப்படாமல் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே தெரியப்படுத்துங்கள், தேவசமாதானம் காத்துக்கொள்ளும். அதோடு நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை. 8-ஆம் வசனம் எதைச் சிந்திக்க வேண்டும் என்று சொல்கிறது. 9-ஆம் வசனம் 'அவைகளையே செய்யுங்கள்' என்கிறது. ஜெபம், சிந்தை, செயல் மூன்றும் ஒரே பேச்சு.

இதைச் செய்யும் முறை இது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும், போனைத் தொடுவதற்கு முன் 15 நிமிடம். ஒரு சங்கீதம், மாற்கு சுவிசேஷத்தில் அரை அதிகாரம். மாற்கு 16 அதிகாரம்தான், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிறகு கவலையை எழுதுங்கள். 'என் கடன் பிரச்சினையை மாற்றும்' என்று எழுதினால் மனசு அதையே சுற்றிச் சுற்றி வரும். '15-ஆம் தேதி தவணை 2,300, கையில் 900' என்று எழுதுங்கள். அதன் கீழே நேற்றைக்கான ஒரு ஸ்தோத்திரம், அதுவும் குறிப்பாக: பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொடுத்தார். மூன்றாவது வரியில் இன்று நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை: குழுத் தலைவியிடம் அவர் போன் செய்வதற்கு முன்னாலேயே நீங்கள் போய்ப் பேசுவது. நோட்டை மூடிவிடுங்கள். பகலில் கவலை மறுபடி வரும், கட்டாயம் வரும். அப்போது புதிதாக ஜெபம் ஆரம்பிக்காமல் 'எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆண்டவரே' என்று ஒரு வரியோடு விடுங்கள். அரைமணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், ஜெபம் என்ற பேரில் கவலைதான் சத்தமாக ஓடும்.

ராத்திரி ஐந்து நிமிடம், சங்கீதம் 4 போதும். எட்டே வசனம், கடைசி வசனம் தூக்கத்துக்கென்றே இருக்கிறது.

அழுகை வருகிற நாளில் துதிப்பாட்டை வலுக்கட்டாயமாகப் பாட வேண்டாம். சங்கீதம் 13-ஐ எடுங்கள், 'எதுவரைக்கும்' என்று ஆண்டவரையே கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அமைதி இல்லை என்பது வடசென்னையில் நிஜமான சிக்கல். ஒரே அறை, டிவி, தெருவில் ஸ்பீக்கர். பெரம்பூர் லூர்து அன்னை ஆலயமோ பக்கத்து சபையோ திறந்திருக்கும் நேரம் விசாரித்து, வாரத்தில் ஒரு நாள் போய்ப் பேசாமல் உட்காருங்கள். வேண்டுதல் பட்டியல் வேண்டாம்.

மனிதரோடு உள்ள கணக்கும் இருக்கிறது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. நாத்தனாரோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை என்றால், எந்த ஜெபக் கூட்டமும் அந்த இடத்தை நிரப்பாது. ஆனால் ரோமர் 12:18-ல் 'கூடுமானால், உங்களாலானமட்டும்' என்று இருக்கிறது. அவர் பேச மறுத்தால் உங்கள் பங்கு முடிந்தது. அடிக்கிறவரிடம் திரும்பிப் போய் அடி வாங்குவதற்குப் பேர் மன்னிப்பு இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'விதை காணிக்கை போடுங்கள், கடன் தீரும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவது கவலையை இரட்டிப்பாக்கும். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகவே சொல்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போல் தோன்றுகிறது என்றால் அதை விசுவாசக் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று சொல்லிப் படுத்த எலியாவுக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், பிரசங்கம் இல்லை (1 இராஜாக்கள் 19). சாகத் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை கொடுத்தால், சபையில் யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.