காய்ந்த கல்லுக்குள் எங்கிருந்து வந்தது தண்ணீர்?

கேள்வி: வேலூர் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்துகிறேன். தரைத்தளத்தில் இருக்கும் ஆண்கள் யூரினல் லைன் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஆர்.ஓ. மெஷின் போட்ட பிறகு, அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று யூரினல் டேங்குக்கு விட்டிருக்கிறோம். கடைசியாக பிளம்பர் எல்போவை (பைப் திரும்பும் வளைவுத் துண்டை) அறுத்தபோது உள்ளே வெள்ளையும் பழுப்புமாகக் கல் படிந்திருந்தது. இரண்டு வாரம் ஸ்டோர் ரூமில் காய்ந்து கிடந்த அந்தக் கல்லை, எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் அக்கா மகன் கல்லூரிக்கு எடுத்துப்போனான். 105 டிகிரி ஓவனில் வைத்ததும் 20 கிராம் 12 கிராம் ஆகிவிட்டதாம். 'ஈரப்பதம் 40 சதவீதம்' என்கிறான். அந்தப் பொடியை எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிரை வைத்து எந்தப் படிகம் என்று கண்டுபிடிக்கும் இயந்திரம்) வைத்தால் தெளிவாக ஒன்றும் வரவில்லையாம். இவ்வளவு காய்ந்த கல்லில் 40 சதவீதம் ஈரம் இருக்குமா? அடைப்புக்கு என்ன ஊற்றலாம்? பொடி செய்து செடிக்குப் போடலாமா?

பதில்: எடை போட்டது சரியாகத்தான் இருக்கும். அதற்கு 'ஈரப்பதம்' என்று பெயர் வைத்ததுதான் தவறு. போன 8 கிராமில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் அது கல்லை நனைத்த தண்ணீர் இல்லை, கல்லைக் கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர். கூடவே கொஞ்சம் அம்மோனியாவும் போயிருக்கும். ஓவனைத் திறந்தபோது மூக்கைக் குத்தும் வாடை வந்ததா என்று அக்கா மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர, அவற்றோடு ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்த கனிமம். 1845இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், சாணமும் கழிவும் ஊறிய பழைய மண்ணைத் தோண்டியபோது கிடைத்த படிகங்களை வைத்து உலெக்ஸ் என்பவர் இதை விவரித்தார். உங்கள் எல்போவுக்குள் இருக்கும் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான்.

இதன் படிக அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மற்ற கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. மெக்னீசியம் அயனி சிறியது, ஆனால் இரட்டை நேர்மின்சுமை உடையது. அதனால் தண்ணீரில் இருக்கும்போது தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆறின் ஆக்சிஜனும் அதைப் பார்த்தபடி, எண்முகியின் ஆறு மூலைகளில் உட்காரும். மற்ற பல உப்புகள் படிகமாகும்போது உலோக அயனி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை உதறிவிட்டு எதிர் அயனியோடு நேராக ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு உப்பு அப்படித்தான். ஸ்ட்ரூவைட்டில் மெக்னீசியம் அந்த ஆறையும் விடாமல் அப்படியே படிகத்துக்குள் வந்துவிடுகிறது.

விளைவு என்னவென்றால், இந்தப் படிகத்தில் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பாஸ்பேட் என்பது ஒரு பாஸ்பரஸைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் கொண்ட நான்முகி. அந்த ஆக்சிஜன்கள் மெக்னீசியத்தைச் சுற்றியுள்ள தண்ணீரின் ஹைட்ரஜனைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அம்மோனியமும் இதேபோல் ஹைட்ரஜன் பிணைப்பால் இடையில் நிற்கிறது. மொத்தத்தில் பந்தல் மாதிரி: மேலே என்ன கட்டினாலும் நிற்பது கால்களில், இங்கே கால்கள் தண்ணீர். இதன் வேதியியல் வாய்ப்பாட்டை ஒருமுறை எழுதினால் வரும் 29 அணுக்களில் 18 தண்ணீருக்குச் சொந்தம். எடையில் 44 சதவீதம். கை வைத்துப் பார்த்தால் உலர்ந்த கல்தான், சந்தேகமே இல்லை.

இப்படி ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் நம்பி நிற்பதால் இது மென்மையான கனிமம். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் இரண்டை எட்டுவதே அதிகம். பிளம்பருக்குக் கடினமாகப் பட்டது படிகங்கள் நெருக்கி அடுக்கி பைப்பைக் கவ்வியிருப்பதால்தான். ஒரு தனிப் படிகத்தை நகத்தால் கீறினால் கோடு விழும்.

சூட்டுக்கும் தாங்காது. 55 டிகிரியைத் தாண்டினாலே தண்ணீரும் அம்மோனியாவும் சேர்ந்து கிளம்பத் தொடங்கிவிடும். 105 டிகிரியில் போதுமான நேரம் வைத்தால் சுத்தமான ஸ்ட்ரூவைட் எடையில் 51 சதவீதத்தை இழக்கும். 44 தண்ணீர், 7 அம்மோனியா. மிஞ்சுவது ஒழுங்கற்ற மெக்னீசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் பொடி. தண்ணீர் போனதும் மெக்னீசியத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் இடையே பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, அடுக்கு குலைந்துவிடும். எக்ஸ்.ஆர்.டி. என்பது ஒழுங்கான அடுக்கைத்தான் பார்க்கும். அடுக்கே இல்லாத பொடியை வைத்தால் தெளிவாக ஒன்றும் வராதது இயல்பு. சோதனைக்கு முன்னாலேயே மாதிரியை அழித்துவிட்டு, அது என்னவென்று இயந்திரத்திடம் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் 40 சதவீதத்தை இந்த 51 உடன் ஒப்பிட்டால், கல்லில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே ஸ்ட்ரூவைட் என்று தோராயமாகச் சொல்லலாம். மீதி கால்சியம் பாஸ்பேட், சுண்ணாம்புப் படிவு, அழுக்கு. இவை 105 டிகிரியில் பெரிதாக எடை இழக்காதவை.

தண்ணீர் சேர்ந்த பாஸ்பேட் எல்லாம் இப்படி நொறுங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரஷைட் என்று ஒன்று உண்டு, கால்சியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டோடு இரண்டு தண்ணீர். கால்சியம் அயனி பெரியது, தண்ணீரை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது. பாஸ்பேட்டின் ஆக்சிஜனோடு நேராகவே கைகோத்துத் தகடு தகடாக அடுக்கிக்கொள்ளும். தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு இடையில் இருக்கும். ஜிப்சத்தின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். பிரஷைட்டைச் சூடாக்கினால் 21 சதவீத எடை போய், மோனடைட் என்ற இன்னொரு படிகம் கிடைக்கும். எக்ஸ்.ஆர்.டி.யில் அதுவும் நன்றாகத் தெரியும், பெயர்தான் மாறியிருக்கும். ஓவனில் வைத்த மாதிரியை நம்பக்கூடாது என்பதற்கு இது இன்னும் மோசமான உதாரணம். ஒன்றும் வராவிட்டால் சந்தேகமாவது வரும். தவறான விடை பளிச்சென்று வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

நம் பக்கத்துச் சரக்கிலேயே ஒன்று சொல்கிறேன். பழைய வட ஆற்காட்டில் இருந்து இன்று திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்ட சேவத்தூரில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டி எடுக்கும் வெர்மிகுலைட்டும் உள்ளே தண்ணீர் வைத்திருக்கும் கனிமம்தான். வேகமாகச் சுட்டால் தகடுகளுக்கு இடையில் உள்ள தண்ணீர் ஆவியாகி, கனிமம் பல மடங்கு உப்பிவிடும். ஆனால் தகடுகள் சிலிகேட் ஆனதால் உருக்குலையாது. அதே சேவத்தூரில் கார்பனேட் கனிமங்கள் நிறைந்த கார்போனடைட் பாறையில் அபடைட்டும் உண்டு. அது தண்ணீர் மூலக்கூறே இல்லாத கால்சியம் பாஸ்பேட், ஓவன் சூடெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. எனவே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த வேலையைச் செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அக்கா மகன் மறுபடி சோதிப்பதாக இருந்தால், கல்லை லேசாகத் தண்ணீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவைக்கட்டும். 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். வேலூர் மே மாதத்தில் காற்றே 40ஐத் தாண்டும், சிமெண்ட் தளமும் தகரமும் அதற்கு மேலே போய்விடும். காய்ந்ததைக் கல்வத்தில் மெதுவாக அரைத்து வைத்தால், செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் எக்ஸ்.ஆர்.டி. இயந்திரத்தில் 15.8, 20.9, 30.6, 33.3 டிகிரிகளை ஒட்டி உச்சங்கள் வரும். வந்தால் ஸ்ட்ரூவைட் உறுதி.

இயந்திரம் இல்லாமலும் பார்க்கலாம். ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு, நுரைக்காமல் மெல்லக் கரைந்தால் பாஸ்பேட். இன்னொரு சிட்டிகையில் வெற்றிலைக்குப் போடும் ஈரச் சுண்ணாம்பைக் குழைத்தால் அம்மோனியா வாடை வரும். கால்சியம் பாஸ்பேட்டில் அந்த வாடை வராது.

சரி, அடைப்புக்கு வருவோம். புதிதாக வரும் சிறுநீர் லேசான அமிலத்தன்மை உடையது. அதில் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் இருந்தாலும் கல் உடனே உண்டாகாது. பைப்பில் தேங்கியதும், அங்கே ஒட்டி வாழும் பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு ஒன்பதை ஒட்டி, அதாவது காரப் பக்கம், ஏறும். அப்போது ஸ்ட்ரூவைட் தண்ணீரில் கரைந்து நிற்க முடியாமல் படியத் தொடங்கும். இதில் சிறுநீரில் குறைவாக இருப்பது மெக்னீசியம்தான். அது தீர்ந்தால் படிவதும் நின்றுவிடும். அந்தக் குறையைத்தான் நீங்கள் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். போர் தண்ணீரில் உள்ள மெக்னீசியமும் கால்சியமும் அந்த மெஷினில் வடிந்து, இன்னும் கெட்டியாகி அதில்தான் வருகின்றன. தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைத்தது நல்ல எண்ணம், ஆனால் அனுப்பிய இடம் தப்பு. அதைத் தரை கழுவ விடுங்கள். யூரினலுக்கு, கிடைக்கிற தண்ணீரில் உப்பு குறைந்ததைக் கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே படியும் வேகம் குறையும். அப்புறம் அந்த லைனின் சரிவை பிளம்பரிடம் பார்க்கச் சொல்லுங்கள், தேங்கும் இடத்தில்தான் கல் வளரும்.

காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிப் பவுடரை இதற்குப் போடவே கூடாது. சமையலறைக் கொழுப்புக்கு அது சரி. இங்கே பி.எச்.சை இன்னும் ஏற்றி, கல்லுக்குத்தான் சாதகம் செய்யும். கொதிதண்ணீரும் பயனில்லை. கொதிதண்ணீரில் ஸ்ட்ரூவைட் ஐந்து தண்ணீரை விட்டுவிட்டு டிட்மரைட் என்ற வேறு பாஸ்பேட்டாக மாறுமே தவிர, கரைந்து ஓடாது. பி.வி.சி. பைப்தான் இளகும்.

கரைப்பது அமிலம். பாஸ்பேட்டின் ஆக்சிஜன்களில் ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொண்டால், தண்ணீரின் ஹைட்ரஜனைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிடும். கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் போதும். ஆனால் கணக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஒரு கிலோ கல்லைக் கரைக்க ஏறக்குறைய ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட் வேண்டும். முழுக்க அடைத்த பைப்பை அமிலத்தால் திறக்கப் பார்ப்பது காசுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. அதை அறுத்து மாற்றுவதே லாபம். புதுப் பைப் போட்ட பிறகு, வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கரைத்து, ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு ஊற்றி, காலை வரை விட்டுவைத்தால் படிந்த மெல்லிய பூச்சு போய்விடும்.

ஒன்றை மட்டும் லாட்ஜில் வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: அமிலம் ஊற்றும் நாளில் பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். யூரினல் மாதிரி காற்றோட்டம் குறைந்த இடத்தில் அது ஆபத்து.

செடிக்குப் போடலாமா என்றால், உரம் என்ற வகையில் ஸ்ட்ரூவைட் நல்ல சரக்கு. பாஸ்பரஸ் 12.6 சதவீதம், மெக்னீசியம் 10, நைட்ரஜன் 5.7. மெதுவாகக் கரைவதால் மழையில் அடித்துப் போகாது. வெளிநாடுகளில் கழிவுநீர் நிலையங்களே இதைப் பிரித்தெடுத்து விற்கின்றன. ஆனால் அங்கே கட்டுப்பாட்டில் வளர்த்துக் கழுவிய மணிகளைத்தான் விற்கிறார்கள். உங்களிடம் இருப்பது கிருமியும் அழுக்கும் சேர்ந்த பைப் கல். அதுவும் வேலூர் லாட்ஜ் என்றால் தங்குபவர்களில் நிறைய பேர் சிகிச்சைக்கு வந்தவர்கள், மருந்தின் மிச்சமும் அந்த லைனில்தான் போகிறது. கீரை, தக்காளிக்குக் கட்டாயம் வேண்டாம். என்னைக் கேட்டால் பூச்செடிக்கும் வேண்டாம். அக்கா மகனுக்குத் தேவையானதைக் கையுறை போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.