கேள்வி பதில்: பொங்கலுக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்!

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து போனில் ஆடுகிற மாட்டுவண்டிப் பந்தய கேம் ஒன்று செய்து ப்ளே ஸ்டோரில் போட்டிருக்கிறோம். ஆடுபவர்களோடு பேச டெலிகிராம் குழுவும் உண்டு. புது ஊர், புது மாடு எல்லாம் பொங்கலுக்கு வந்துவிடும் என்று ஓர் உற்சாகத்தில் அதில் எழுதிவிட்டேன். சித்திரையே பிறந்துவிட்டது, வேலை முடியவில்லை. தினமும் ‘ஏமாத்துக்காரன்’ என்று திட்டு, ஒற்றை நட்சத்திரம். குழுவை மூடிவிடலாமா அண்ணா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: மூடாதீர்கள் தம்பி, மூடினால் ஓடிவிட்டான் என்பார்கள். நம்ம ஊரில் மேட்டூர் ஜூன் 12 திறக்கும் என்று நம்பித்தான் நாற்றங்காலும் கடனும். அணையில் தண்ணீர் இல்லாத வருஷத்தை விட, இதோ அதோ என்று இழுத்த வருஷத்தில்தான் டீக்கடையில் ஏச்சு அதிகம். திறந்தாலும் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், கடைமடைக்கு அதற்கும் அப்புறம். உங்கள் கணினியில் முடிவது மேட்டூர். பழைய போன்களில் சோதித்து, கூகுள் பார்த்து அனுமதித்து, ஆடுபவன் கையில் ஓடுவது கடைமடை. நீங்கள் மேட்டூர்க் கணக்கில் தேதி சொன்னீர்கள், அவன் கடைமடையில் காத்திருக்கிறான்.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ், சின்ன கம்பெனி. அவர்களுடைய ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேம் வருவதற்கு முன் கம்பெனித் தலைவர் ஷான் மர்ரி பேட்டிகளில் ஆசையாக நிறையச் சொன்னார், ஆடுபவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்பது உட்பட. 2016 ஆகஸ்டில் கேம் வந்ததும் இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போய் நின்று பார்த்தார்கள், ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. திட்டு மழை. கம்பெனி பல வாரம் அநேகமாக வாயே திறக்காமல் வேலை பார்த்தது, நவம்பரில் முதல் பெரிய அப்டேட் வந்தது, சேர்ந்து ஆடும் வசதி முழுசாக வர 2018 ஜூலை ஆனது. வேலை அவர்களைக் காப்பாற்றியது உண்மைதான், ஆனால் அந்த மௌனத்தை நீங்கள் காப்பியடிக்க வேண்டாம், இவ்வளவு நாள் தாங்க உங்களிடம் பணம் இருக்காது.

அதனால் இன்றைக்கே எழுதுங்கள்: பொங்கல் என்று நான் சொன்னது தப்பு, புது ஊர் முடிந்தது, மாடு பாக்கி, இனி தேதி சொல்ல மாட்டேன், சோதித்து முடித்ததும் சொல்கிறேன். சப்பைக்கட்டு வேண்டாம். 2017 நவம்பரில் ‘பேட்டில்ஃப்ரண்ட் 2’ கேம் விஷயத்தில், காசு கொடுத்து வாங்கியும் பெரிய கதாபாத்திரங்கள் பூட்டியிருக்கிறதே என்று ரெடிட் என்கிற விவாதத் தளத்தில் கேட்டவர்களுக்கு, உழைத்துத் திறந்தால் பெருமிதம் வரும் என்கிற மாதிரி அதை வெளியிட்ட ஈஏ கம்பெனி பதில் போட்டது. அந்த ஒரு பதிலுக்கு விழுந்த எதிர் ஓட்டு ஆறு லட்சத்துக்கும் மேல், கின்னஸில் ஏறிவிட்டது!

ப்ளே ஸ்டோரில் பதில் எழுத 350 எழுத்துதான் இடம். அதில் வாதாடாதீர்கள், எந்த போன், எந்தப் பந்தயம் என்று கேளுங்கள். ‘மாடு ஓட மாட்டேங்குது’ என்பவன் வேகத்தைக் கூட்டச் சொல்வான், நோண்டிப் பார்த்தால் அவன் போனில் விரல் பட்டதே தாமதமாகப் பதிவாகியிருக்கும். சரிசெய்ததும் சொல்லுங்கள், சிலர் நட்சத்திரத்தை மாற்றிப் போடுவார்கள். எல்லோரும் மாற்ற மாட்டார்கள், சரி, விடுங்கள்.

கேள்வி: என் மகனும் கேம் செய்கிறான். யாரோ திட்டினான் என்று சாப்பிடாமல் கிடக்கிறான். என்ன செய்வது?
- ஒரு தாய், நன்னிலம்

பதில்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனை வாங்கி வையுங்கள் அம்மா. நானும் ஒரு கம்பெனியில் திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலை பார்த்தவன்தான், பதினொரு மணிக்கு ஒருவனோடு சண்டை போட்டேன், விடிவதற்குள் அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட, ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நண்பன் இருந்தால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி முறை வைத்துப் பதில் சொல்லட்டும். கொலை மிரட்டல் என்றால் மட்டும் சும்மா இருக்காதீர்கள், 2020-ல் ‘சைபர்பங்க் 2077’ கேம் தள்ளிப்போனதற்கே அதைச் செய்தவர்களுக்கு மிரட்டல் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் க்ரைம் போலீசுக்குப் போங்கள். அப்புறம், சாப்பாட்டை அவன் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், கூடத்துக்கு வரட்டும்.