மேற்கு ஜன்னலுக்கு எதைப் போடுவது?

வணக்கம்,

எங்கள் கூடத்து ஜன்னல் மேற்குப் பார்த்தது. தடிமனான திரை போட்டும் சாயங்காலம் அறை கொதிக்கிறது. மாற்றலாம் என்று விசாரித்தால் கர்ட்டன், ஷேடு, பிளைண்ட், ஷட்டர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? எதை வாங்குவது?

- ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

ஒன்றல்ல. ஆனால் விற்பவர்களே பெயர்களைக் கலந்துகட்டித்தான் சொல்கிறார்கள். அது எப்படி நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். கம்பியில் கோத்துப் பக்கவாட்டில் தள்ளினால் கர்ட்டன். ஒரே துணியாக மேலிருந்து இறங்கினால் ஷேடு. உருளையில் சுருண்டால் ரோலர், மடிப்பு மடிப்பாக ஏறினால் ரோமன். பட்டை பட்டையாக இருந்து, பட்டைகளைத் திருப்பவும் முடிந்தால் பிளைண்ட். கீல் வைத்துக் கதவு போலத் திறந்தால் ஷட்டர். (ரோலரையும் பிளைண்ட் என்றே பலர் சொல்வார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம்.)

சரி, உங்கள் வெக்கைக்கு வருவோம். கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். அந்த வெயிலில் சூடான பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிரை மட்டும் திரும்பப் போக விடாது. உங்கள் திரை தொங்குவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வெயிலை வாங்கித் தானும் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. அடர் நிறமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆக, தடிமனைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கில், முதுகில் வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிய நடுத்தர நிறத் திரை, வெயிலால் உள்ளே வரும் சூட்டை 33 சதவீதம் குறைக்கும். அதுவே மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாய்வாகத் துணிப் பந்தல் இழுத்தால் 77 சதவீதம் வரை குறையும். வெளியே பந்தலோ தட்டியோ ஷட்டரோ போட வழியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் உள்ளே உங்களுக்குப் பிடித்த எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம்.

வாடகை வீடு, வெளியே கைவைக்க முடியாது என்றால் வெள்ளைப் பட்டை பிளைண்ட் போடுங்கள். பட்டையின் வெளி விளிம்பு தாழ்ந்தும் உள் விளிம்பு உயர்ந்தும் இருக்கும்படி திருப்புங்கள். உச்சி வெயில் தடுக்கப்படும், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் மேலேறி உங்கள் கூரைக்குப் போகும். தெருவில் நிற்பவர் எட்டிப் பார்த்தாலும் கூரைதான் தெரியும். சூரியன் இறங்க இறங்க முழுக்க மூடத்தான் வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

வீட்டில் சிறு குழந்தை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கயிறு தொங்கும் வகையே வேண்டாம். அந்தக் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே பொருத்துவதாக இருந்தால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைச் சொல்லுங்கள். சுவர் எதுவும் அவ்வளவு நேராக இருப்பதில்லை.